தொட்டிக்கு மேலே தொங்கும் மைக்

ஓடன்வால்ட் காட்டோரத்தில் ராக் குழுவினர் கூடி வாழும் பழைய பண்ணை வீட்டின் அடுப்படியில், ஈ மொய்க்கும் பாத்திரங்கள்மேல் காலை வெயில் விழுகிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு பெரிய சட்டி. அதில் ஒன்பது நாளைக்கு முந்தைய பருப்பு சூப் பச்சையாகப் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. குழாயிலிருந்து அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, நேர் மேலே ஒரு மைக் தொங்குகிறது. கிட்டாரும் டிரம்ஸும் செத்த உலகத்துச் சத்தமாம். புது இசை இந்தச் சொட்டில்தான் இருக்கிறதாம். ஆகவே பதிவு முடியும்வரை யாரும் எதையும் கழுவக் கூடாது என்று குழு கூடிக் கைதூக்கி முடிவெடுத்திருக்கிறது. ஆர்கன் வாசிக்கும் ஹைட்ரூன் மட்டும் கை தூக்கவில்லை. அடுப்படி வாசலில் நிற்கும் அவள் மூக்கைப் பொத்துகிறாள். "சீ! நாறுதுடா. பன்னிகூட இதுல வாய வைக்காது!" டேப் எந்திரத்தின் முன்னால் சம்மணமிட்டிருக்கும் ஃபோல்க்மார், "ஷ்ஷ், ஓடுது" என்று எதிரொலிப் பெட்டியின் குமிழைத் திருகுகிறான். ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரலே இழுத்து இழுத்துத் திரும்பி வருகிறது: சீ... சீ... சீ... தரையில் மல்லாந்திருக்கும் டிரம்ஸ்காரன் கெர்னோட் கண்ணை மூடித் தலையாட்டுகிறான். "அடேயப்பா! ஹைட்ரூன், இன்னொரு தடவ சொல்லேன். அதே அருவருப்போட, கொஞ்சம் மெதுவா." ஆறு மாதமாக அவளுடைய ஆர்கனுக்கு ஒரு தரம்கூட ஆடாத தலை அது. ஹைட்ரூன் மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுக்கிறாள். தொட்டியருகே போய், மைக்கை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்து, பூஞ்சையைக் கிழித்துக்கொண்டு சூப்புக்குள் முக்குகிறாள். "இந்தா, நல்லாக் கேளு."