ஷூவை எங்கே வரைவது

ஹைஃபாவில் மழை விடாமல் ஜன்னலை அறைகிறது. ஈர ஷூவைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு, அம்மா கிஸெல்லாவின் வதைமுகாம் நாட்களைச் சித்திரக்கதையாக வரைகிறாள் நூரித். கிஸெல்லாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போகிறாள், வருகிறாள், கதவுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். "என்னடி இது, ஷூவைக் கட்டிலுக்குக் கீழ வரைஞ்சிருக்க? விடியறதுக்குள்ள எவளாவது அடிச்சிட்டுப் போயிடுவா. வெறுங்கால்ல பனியில நின்னா அன்னிக்கே கதை முடிஞ்சுது. தலைக்கு அடியில வரை!" "சரிம்மா, கத்தாத." ரப்பர் தேய்கிறது, தாள் கசங்குகிறது, காலடிச் சத்தம் மறுபடி உள்ளே போய்த் திரும்புகிறது. தன் வீட்டுக்குக் கிளம்பும்போது கதவோரம் நூரித்தின் ஷூ இல்லை.  அவள் நேராக அம்மாவின் படுக்கைக்குப் போய்த் தலையணையைத் தூக்குகிறாள். இரண்டும் ஈரத்தோடு கிடக்கின்றன, லேஸ்கள் ஒன்றோடொன்று இறுக முடிச்சிட்டபடி.