வெயிலை மறைக்கும் மரம்

"ரம்பத்த வைக்கிறதா இருந்தா முதல்ல என் கழுத்துல வை தம்பி!"

பெரியவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய உடம்பு, லேசில் நகராது. மரம் வெட்ட வந்தவர் மிஷின் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

"நீங்க வேலைய ஆரம்பிங்க தம்பி. அவர் கொஞ்ச நேரம் கத்திட்டு ஓஞ்சிருவாரு" என்றாள் அவர் மனைவி. டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்றும் அந்தக் குரல் ஓயவில்லை.

கொல்லையில் இடுப்பளவு உயரத்துக்குக் காட்டுப்பூக்கள். அவற்றை ஒட்டி வரிசையாக ஏழு மரங்கள் இருந்தன. நிழல் விழுந்து பூக்கள் மங்கிப்போகின்றன என்று டீச்சர் மூன்றே வருடத்தில் ஆறு மரங்களைச் சாய்த்துவிட்டாள். அத்தனையும் விறகாகி, சமையலறைச் சுவரோரம் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது. இரண்டு பேர் குளிர்காய அதில் பாதியே அதிகம்.

பாக்கி இருப்பது இந்த ஒரு மரம்தான். மகள் எட்டு வயதில் நட்டது. பூ விதைகளைத் தூவியதும் அவள்தான், காய்ச்சலில் போவதற்கு முந்தின வருடம். அதற்கப்புறம் விதை உதிர்ந்ததும் வருடம் ஒரு முறை புல்லை அரிவாளால் அறுத்து, வாரி வெளியே போட்டு, அந்தப் பூக்களை இன்றுவரை காப்பாற்றி வருபவள் டீச்சர்.

"விதை உதிரட்டும்மா. பூத்திருக்கும்போது மரத்த சாய்ச்சா கொஞ்சமாவது நசுங்கும்" என்றார் மரம் வெட்டுபவர்.

"அதுவரைக்கும் தாங்காதுப்பா. போன வருஷத்த விட இந்த வருஷம் மோசம். சாம்பலைக் கொட்டின மாதிரி கிடக்கு."

"எனக்கு நல்லா செவப்பாத்தானே தெரியுது" என்றார் பெரியவர், மரத்தை விடாமல்.

"சிக்னல்ல செவப்பு தெரியாம ரெண்டு தடவை மாட்டின டிரைவரு! நீங்க பூவோட செவப்ப பத்திப் பேசுறீங்களா?"

மரம் வெட்டுபவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையைக் கொடுக்க அவருக்கு என்ன பைத்தியமா? குனிந்து ரம்பத்தின் சங்கிலியை இறுக்க ஆரம்பித்தார்.

டீச்சர் உள்ளே போய் டீ கொண்டுவந்து ஊற்றினாள். கணவரின் டம்ளர் நிறைந்து, வழிந்து, தட்டிலும் ஓடியது. மனசு இங்கே இருந்தால்தானே!

டீயை நீட்டியபோது அவள் குரலில் டீச்சர் இல்லை.

"மரம் போனா விறகாவாவது நம்ம வீட்டுக்குள்ள இருக்கும்ங்க. பூ போச்சுன்னா அவ கையால செஞ்சது ஒண்ணுமே மிஞ்சாது. எனக்கு மட்டும் இந்த மரம் வேண்டாததா?"

பெரியவர் மரத்திலிருந்து கையை எடுத்தார்.

"பூ விஷயத்துல நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வெட்டச் சொல்லு."

சொல்லிவிட்டு விறகுக் குவியலின் பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ரம்பம் உறுமியபோது இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா என்று பார்க்க மரம் வெட்டுபவருக்கு மனசு வரவில்லை.

பூக்களின் மேல் விழாதபடி கயிறு கட்டி, மரத்தை மதில் பக்கமாக இழுத்தார். அது ஒரு முறை முனகிவிட்டுச் சாய்ந்தது. ஒரு பூ கூட நசுங்கவில்லை.

அடுத்த நொடி பத்து மணி வெயில் மொத்தமும் கொல்லையில் கொட்டியது. இனி அந்தப் பக்கம் வானம் மட்டும்தான். மரம் வெட்டுபவர் கண் கூசி, நெற்றியில் கை வைத்துக்கொண்டு பூக்களைப் பார்த்தார். இப்படி ஒரு சிவப்பை அவர் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை.

பெரியவரும் எழுந்து வந்தார். கன்னம் நனைந்திருந்தது, ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

"நீ சொன்னதுதான் சரி. பாரேன், எப்படி ஜொலிக்குதுன்னு! அவ இருந்திருந்தா குதிச்சிருப்பா."

டீச்சர் வெயிலுக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் கண் கூசவில்லை. மெதுவாகக் கையை நீட்டி, தடவி, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இன்னும் எந்த மரம் மறைக்குது?"