மச்சான் அனுப்பிய கரடிக்கறி

டெல்மர் கரடி வேட்டைக்குத் தனியாகத்தான் போவான். போகிற இடம் என்று வீட்டில் எழுதி வைப்பதுகூட வேறு மலையின் பெயரைத்தான். வருஷம் தவறாமல் கரடிக்கறி அனுப்பும் மச்சான் ராஸ்கோவுக்கு, தான் வேட்டையாடும் இந்த மலைச்சரிவு தெரிந்துவிடக் கூடாது.

இன்று பாறையில் வழுக்கி, கணுக்கால் முறிந்து கிடந்தவன் முன்னால் நேரமாகியும் வராதவனைத் தேடி மனைவி ஐரிஸ் குதிரையோடு வந்து நின்றாள்.

"இந்த இடத்தை உன் அண்ணன் காட்டிக் குடுத்தானா?"

"அவனுக்குத் துப்பாக்கி பிடிக்கவே தெரியாது. அந்தக் கரடியெல்லாம் நீ மில்லுக்குப் போனதும் நான் வந்து சுட்டது."

"பொம்பளைக்கு மலை ஆகாதுன்னு சொன்னேனே."

"சொன்னே. அதான் அண்ணன் பேரைச் சொன்னேன்."

"அதுவும் என் இடத்துலயா?"

ஐரிஸ் முறிந்த காலில் கட்டையை வைத்து இறுக்கிக் கட்டினாள்.

"எங்கப்பா எனக்குக் காட்டின இடம் இது. நீதான் இத்தனை வருஷமா திருட்டுத்தனமா வந்துட்டிருக்கே."