சோதனையில் தேறியவன்

இப்போதெல்லாம் சளிக்காய்ச்சல் மூளையையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. அதனால், காய்ச்சல் கண்டவர்கள் ஞாபகச் சோதனையில் தேறாமல் துறைமுகத்தில் கிரேன் ஏற முடியாது. லூர்துவுக்கு இருமல் நின்றும் மறதி நிற்கவில்லை. வேலை போனால் வீடு நடக்காதே என்று மனைவி பிலோமினா, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் கேள்வி கேட்டுக் கேட்டு அவனைத் தயார்செய்தாள்.

சோதனையில் அவன் தடுமாறவேயில்லை. தெருப் பெயர், பிள்ளைகள் பெயர், மனைவி பெயர் எல்லாம் மளமளவென்று சொன்னான்.

"நாளைக்கே வேலைக்கு வரலாம்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமினாவிடம் அவன் மரியாதையாகக் கேட்டான்: "நீங்க எங்க இறங்கணும்?"

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"நீங்க இறங்குற இடத்துலதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.