மூக்குத்திப் பலகை

"பலகைய உடைங்கங்கேன், உள்ள என் மூக்குத்தி கெடக்கு."

"கெடக்கட்டும். இப்பதான் ஒண்ணு விரிசல் விடாம வந்திருக்கு, செண்பகம்."

"இதுவும் அப்பளம்தான்."

கழிவு வாழைநாரையும் நறுக்கிய பால் கவரையும் கலந்து, மெஷினில் சூடாக அழுத்தி, புருஷன் தளவாய் எடுத்த பலகைகள் எல்லாம் இதுவரை நொறுங்கின. இதுவும் போனால் மெஷினை விற்றுவிடுவதென்று புருஷனும் பொண்டாட்டியும் பேசியிருந்தார்கள். கலக்கும்போது கழன்று விழுந்த மூக்குத்தி, பலகையின் ஓரத்தில் பதிந்து மினுங்கியது.

செண்பகமே அவன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி ஓங்கி அடித்தாள். தளவாய் கண்ணை மூடிக்கொண்டான். சுத்தியல்தான் துள்ளியது. இன்னும் ஓங்கி அடித்தாள். பலகை அப்படியே இருந்தது.

தளவாய் மெல்லக் கண்ணைத் திறந்தான். அவள் மூச்சு வாங்கச் சிரித்தபடி சுத்தியலை அவனிடம் நீட்டினாள்.

"மூக்குத்தி அங்கயே கெடக்கட்டும். நீங்களும் ஒரு அடி போடுங்க, பலமா."