பொக்லைனுக்குத் தப்பிய பூ

கால்வாய் தோண்டிக்கொண்டு வந்த பொக்லைன் டிரைவர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். திண்டிவனம் மேம்பாலத்தின் ஓரம், ஆள் உயரத்துக்கு ஒற்றைச் செடி. தண்டில் மஞ்சள் துணி, அடியில் குங்குமம்.

"யக்கா, இன்னாக்கா இது? சாமியா?"

எதிரே தையல் கடையிலிருந்த கலைமதி மெஷினை விட்டு எழுந்து வந்தாள். "ஆமாங்க. இந்த எடத்துல அம்மன் இருக்குதுங்க. கைய வெச்சா குடும்பத்துக்கு ஆகாது."

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேராக வந்த கால்வாய் அங்கே மட்டும் பயபக்தியோடு வளைந்து போனது.

கலைமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் துணி, காலையில் அவள் தைத்த ஜாக்கெட்டில் மிஞ்சியது. நேற்றெல்லாம் "பூச்செடிங்க, விட்டுடுங்க" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேறு என்னதான் செய்வாள்?

முதலில் அவளும் அதை வெண்டைச் செடி என்றுதான் நினைத்தாள். தை மாதம் பூத்தபோது அசந்து போனாள். செம்பருத்தி மாதிரி சிவப்பு, ஆனால் தண்டோடு ஒட்டி, கீழிருந்து மேலே வரிசையாகப் பூத்துக்கொண்டே போனது. போனில் படம் எடுத்துத் தேடினால் 'ஹாலிஹாக்' என்று வந்தது. மலைக் குளிரில் சொகுசாக வளர வேண்டியது, இந்தப் புழுதியில் எப்படித்தான் முளைத்ததோ! தைத்துத் தைத்துக் கண் எரியும்போது அதைத்தான் பார்ப்பாள். அந்தத் தெருவில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

சாயங்காலமே கற்பூரம் வந்துவிட்டது. டீக்கடை விருத்தாசலத்துக்குத் திடீரென்று பக்தி முற்றிப்போனது.

"நம்ம தெருவுக்கே காவலு, கலைமதி. அம்மன இப்புடி வெயில்ல வுடலாமா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கும்பிட்டு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

அக்கா வீட்டு விசேஷத்துக்கு விழுப்புரம் போனவள், நாலு நாள் கழித்துத் திரும்பினாள். மேம்பாலத்தின் ஓரம் தகரக் கொட்டகை, சிமெண்ட் மேடை. மேடையில் ஒரு கருங்கல்லைச் சுற்றி அவள் கடைத் துணி.

கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "அண்ணே, செடி எங்கண்ணே?"

விருத்தாசலம் குங்குமத் தட்டை நீட்டினார்.

"அதுவா? நீ சொன்ன எடத்துலயே மேடை கட்டணும்ல, குறுக்க நின்னுக்கினு இருந்துச்சு, புடுங்கிட்டோம்."