பின்னக் கணக்கும் பதுங்குகுழியும்

பள்ளிக்கூடத்தில் அகதிகள் தங்கியிருந்ததால், பிள்ளைகள் மூவருக்கும் வீட்டில் நானே வாத்தியார்.

கடைக்குட்டி, 'அ' எழுதச் சொன்னால் ஆடு கீறினாள். நடுவிலான் நேற்றுப் பாடத்திலிருந்து தப்ப, "ஹெலி வருது!" என்று, ஹெலிகொப்டர் சுட வருவதாகப் பொய்யாகக் கத்தி எல்லோரையும் பதுங்குகுழிக்குள் ஓட வைத்தான். "உயிரோடை விளையாடுறியோ?" என்று அவன் காதை முறுக்கியிருந்தேன்.

இன்றைக்கு மூத்தவள் அருந்ததியின் முறை.

"அப்பா, அரையைக் காலாலை பிரிச்சால் ரெண்டு வருது. பிரிச்சது எப்பிடிக் கூடும்?"

"அது... விதி, பிள்ளை."

"ஏன் அப்பிடி விதி?"

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "கணக்கிலை நீங்கள் விண்ணன் எண்டுதானே கலியாணம் பேசேக்கை சொன்னவை? சொல்லிக் குடுங்கோவன்."

"ஹெலி! ஹெலி வருது!"

கொப்பிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். உள்ளே கும்மிருட்டு. வெளியே காகம் கரைகிற சத்தம் மட்டும்தான்.

"எங்கை ஹெலி?" என்றாள் மனைவி.

நடுவிலான் கேட்டான்: "நேற்று நான் கத்தினதுக்கு என்ரை காதை முறுக்கினீங்கள். இண்டைக்கு உங்கடை காதை ஆர் முறுக்கிறது, அப்பா?"

பதில் யோசிப்பதற்குள் என் காது முறுகியது. முறுக்கிய கையில் வெங்காயம் மணத்தது.